'வில்'லும் 'தட்'டும் சேரும் இடத்தில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துத் திருத்துவது

ஆங்கிலத்தில் நாம் எழுதும் மெயில்களில் பாதி, இனி நடக்கப்போவதைப் பற்றியவை. பார்த்துக்கொள்கிறேன், சொல்லிவிடுகிறேன், வருவார் என நம்புகிறேன், அனுப்பினால் உதவியாக இருக்கும். இவற்றை ஆங்கிலத்தில் சொல்லும்போது முதலில் ஒரு வினை (பல தடவை எதிர்காலம் காட்டும் 'வில்'லோடு), அடுத்து நம் 'என்று' போல வேலை செய்யும் ஒரு 'தட்', அதன் பின்னால் ஒரு முழு வாக்கியம் என்று வரிசை அமைகிறது. கோளாறு வருவது பெரும்பாலும் இந்த மூன்றும் ஒட்டும் இடத்தில்தான்.

முதல் சோதனை எல்லா அறிகுறிக்கும் பொது. 'தட்'டுக்குப் பின்னால் எந்தக் காலம் போடுவது என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'தட்'டுக்கு முன்னால் நிற்கும் வினையைப் பாருங்கள். அது ஒன்றை நடக்கவைக்கிற வினையா, நடக்கும் என்று நினைக்கிற வினையா, நடக்கட்டும் என்று வற்புறுத்துகிற வினையா, வெறுமனே தகவல் சொல்கிற வினையா? உள்ளே என்ன காலம் வரவேண்டும் என்பதை அந்த வினைதான் தீர்மானிக்கிறது. வசதிக்காக முன்னால் நிற்பதை வெளி வினை என்றும், 'தட்'டுக்குப் பின் வருவதை உள் வாக்கியம் என்றும் சொல்கிறேன்.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் 'வில்' இரண்டு தடவை வந்து கனக்கிறது

"ஐ வில் என்ஷூர் தட் தி ரிப்போர்ட் வில் பி ஃபினிஷ்ட் பை ஃப்ரைடே."

படிப்பவருக்கு இது புரியும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அவசரத்தில் இப்படி எழுதுவது உண்டு. ஆனாலும் இரண்டாவது 'வில்' சும்மா நிற்கிறது. 'என்ஷூர்' நடக்கவைக்கிற வினை. எப்போது என்பதை முதல் 'வில்' சொல்லிவிட்டது. நடக்குமா என்பதை 'என்ஷூர்' சொல்லிவிட்டது. உள்ளே நிகழ்காலம் போதும்:

"ஐ வில் என்ஷூர் தட் தி ரிப்போர்ட் இஸ் ஃபினிஷ்ட் பை ஃப்ரைடே."

'மேக் ஷ்யூர் தட்', 'சீ டு இட் தட்', 'டேக் கேர் தட்' எல்லாம் இதே வகை. "ஐ வில் மேக் ஷ்யூர் தட் ஹி கம்ஸ் ஆன் டைம்." 'கம்ஸ்' என்பதில் அந்த 'ஸ்' விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'வில் கம்' என்று எழுதிவிட்டுத் திருத்தும்போது 'வில்' போய் 'கம்' மட்டும் மிஞ்சி நிற்பது அடிக்கடி நடக்கும்.

இதோடு ஒட்டி இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது 'அஷ்யூர்'. ஒலியிலும் பொருளிலும் 'என்ஷூர்' பக்கத்து வீடு போலத் தெரியும். ஆனால் 'என்ஷூர்' ஒரு காரியத்தை உறுதி செய்கிறது, 'அஷ்யூர்' ஒரு ஆளுக்கு உறுதி சொல்கிறது. சொல்வது மட்டுமே என்பதால் அங்கே 'வில்' வேண்டும்: "ஐ அஷ்யூர் யூ தட் தி ரிப்போர்ட் வில் பி ஃபினிஷ்ட் பை ஃப்ரைடே." இங்கே 'இஸ் ஃபினிஷ்ட்' என்று போட்டால் வேலை இப்போதே முடிந்துவிட்டதோ என்று முதலில் தோன்றி, 'பை ஃப்ரைடே' வந்ததும் இடறும்.

இரண்டாவது, 'ஷ்யூர்' என்ற ஒரே சொல்லின் இரண்டு வேலைகள். "மேக் ஷ்யூர் தட் ஹி கம்ஸ்" என்றால் அவரை வரவையுங்கள். "ஐ ஆம் ஷ்யூர் தட் ஹி வில் கம்" என்றால் அவர் வருவார் என்பது என் நம்பிக்கை. அவரை வரவைக்க நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. முதலாவதில் 'வில்' வேண்டாம், இரண்டாவதில் 'வில்' இல்லாமல் முடியாது.

ஒப்பந்தங்களில் இதே அமைப்பு 'ஷல்' போட்டு வரும்: "தி டெனன்ட் ஷல் என்ஷூர் தட் தி பிரமிசஸ் ஆர் கெப்ட் கிளீன்." இங்கே 'ஷல்' எதிர்காலத்தைக் குறிக்கவில்லை, குடியிருப்பவர் செய்தே தீரவேண்டிய கடமையைச் சொல்கிறது. 'ஐ', 'வி' வந்தால் 'ஷல்', மற்றவர்களுக்கு 'வில்' என்று பழைய பள்ளி இலக்கணங்கள் சொல்லிக்கொடுத்த விதி ஜான் வாலிஸ் 1653-ல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் இருக்கிறது. அவர் அதை லத்தீனில் எழுதினார். முடிவிலிக்கு ∞ என்ற குறியை 1655-ல் கொண்டுவந்த அதே கணித அறிஞர்தான். அந்த விதியை இன்றைய அலுவலக மெயிலில் பின்பற்ற வேண்டியதில்லை. ஒப்பந்த 'ஷல்'லை மட்டும் மெயிலுக்குள் கொண்டுவராதீர்கள். "யூ ஷல் சென்ட் மி" என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வாசனை அடிக்கும்.

அறிகுறி: திங்கள்கிழமை நடக்கப்போவதற்கு உள்ளே எந்தக் காலம் என்று கை நிற்கிறது

மூன்று வாக்கியங்களை அடுத்தடுத்து வையுங்கள்.

"ஷி வில் டெல் அஸ் ஆன் மண்டே தட் தி பிளான் இஸ் ரெடி."
"ஷி வில் டெல் அஸ் ஆன் மண்டே தட் தி பிளான் வில் பி ரெடி."
"ஷி வில் டெல் அஸ் ஆன் மண்டே தட் தி பிளான் வாஸ் ரெடி."

மூன்றுமே இலக்கணப்படி சரி, பொருள்தான் வேறு. வெளி வினையில் 'வில்' இருக்கும்போது உள் வாக்கியத்தின் கடிகாரம் இன்றைய நேரத்தைக் காட்டுவதில்லை. அவர் சொல்லப்போகும் திங்கள்கிழமையைக் காட்டுகிறது. முதல் வாக்கியத்தில் திங்கள்கிழமை பிளான் தயார். இரண்டாவதில் திங்கள்கிழமையும் தயாரில்லை, அதற்கு அப்புறம்தான். மூன்றாவதில் திங்களுக்கு முன்பே எப்போதோ தயாராக இருந்தது. திங்கள்கிழமை காலையில் பிளான் கைக்கு வரும் என்று சொல்ல நினைத்து இரண்டாவதை அனுப்பினால், வாடிக்கையாளர் ஒரு வாரம் தள்ளி எதிர்பார்ப்பார்.

இந்த இடத்தில் தமிழ்க் காதை நம்பலாம். "தயார் என்று திங்கள்கிழமை சொல்வாள்", "தயாராகிவிடும் என்று திங்கள்கிழமை சொல்வாள்" என்று நாமும் அப்படித்தான் பிரிக்கிறோம். குழப்பம் வருவது, எதிர்காலம் என்றாலே எல்லா இடத்திலும் 'வில்' போடவேண்டும் என்று மனப்பாடமாகப் படித்ததால். "வென் யூ ரீச் தி ஸ்டேஷன், யூ வில் சீ தட் தி ட்ரெயின் வில் பி ஸ்டாண்டிங் தேர்" என்று எழுதுகிறவர்கள் தமிழில் "ரயில் நின்றுகொண்டிருக்கும் என்று பார்ப்பீர்கள்" என்று ஒருநாளும் சொல்லமாட்டார்கள். "ரயில் நிற்பதைப் பார்ப்பீர்கள்" என்றுதான் வரும். ஆங்கிலத்திலும் 'இஸ் ஸ்டாண்டிங்'.

இந்தக் கடிகாரக் கணக்கு முழுசாகப் பிடிபட்டதா என்று பார்க்க ஒரு நல்ல வாக்கியம் இருக்கிறது. கல்யாணத்துக்கு வரத் தயங்கும் நண்பரிடம் சொல்கிறோம்:

"கம் டு தி வெட்டிங். யூ வில் பி க்ளாட் தட் யூ கேம்."

நண்பர் இன்னும் கிளம்பவே இல்லை. கல்யாணம் அடுத்த மாதம். இருந்தாலும் 'கேம்', இறந்தகாலம். சந்தோஷப்படுவது கல்யாணம் முடிந்த பிறகு; அந்த நேரத்தில் நின்று பார்த்தால் வந்தது பழைய கதை. 'யூ வில் பி க்ளாட் தட் யூ வில் கம்' என்பது அபத்தம். தமிழிலும் இதேதான்: "வாங்க, வந்தது நல்லதாப் போச்சுன்னு நீங்களே சொல்வீங்க." வராத ஆளிடம் 'வந்தது' என்கிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. இதே வழியில், இப்போது செய்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி "இன் டென் இயர்ஸ் தே வில் சே தட் திஸ் வாஸ் எ மிஸ்டேக்" என்று எழுதுவது முற்றிலும் சரி. இன்றைய காரியம் பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு 'வாஸ்'தான்.

தமிழ்க் காது கைவிடுவது வெளி வினை இறந்தகாலத்துக்குப் போகும்போது. "வருவேன் என்று சொன்னான்" என்பதில் நாம் அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே வைத்துவிடுகிறோம். ஆங்கிலம் உள்ளேயும் ஒரு படி பின்னால் இழுக்கும்: "ஹி செட் தட் ஹி வுட் கம்." அவன் வரவேண்டிய நேரம் இன்னும் தாண்டவில்லை என்றால் "ஹி செட் திஸ் மார்னிங் தட் ஹி வில் கம் டுமாரோ" என்பதையும் ஏற்கிறார்கள். நேரம் தாண்டிவிட்டால் 'வுட்' மட்டுமே. இந்த இழுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம்: "லாஸ்ட் வீக் ஹி டிசைடட் தட் ஹி வுட் டெல் ஹிஸ் ஃபாதர் நெக்ஸ்ட் சண்டே தட் ஹி வாஸ் லீவிங் தி ஜாப்." அப்பாவிடம் சொல்லப்போவது வரும் ஞாயிறு. வேலையை விடுவது அதற்கும் பிறகு. ஆனாலும் 'வாஸ்' என்று வருகிறது. அங்கே இறந்தகாலம் என்று எதுவும் நடக்கவில்லை; 'டிசைடட்' போட்ட கோட்டில் பின்னால் வருகிறவை எல்லாம் நடக்கின்றன, அவ்வளவுதான்.

அறிகுறி: 'ஹோப்', 'திங்க்', 'விஷ்' எழுதினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் திருத்தப்படுகிறது

ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் இருப்பதுதான் காரணம்.

'ஹோப்' தாராளமானது. "ஐ ஹோப் தட் ஹி கம்ஸ் டுமாரோ", "ஐ ஹோப் தட் ஹி வில் கம் டுமாரோ" இரண்டும் சரி. 'திங்க்', 'பிலீவ்', 'எக்ஸ்பெக்ட்' அப்படி இல்லை. "ஐ திங்க் தட் இட் ரெயின்ஸ் டுமாரோ" தவறு, 'வில் ரெயின்' என்றே வரவேண்டும். ரயில் நேரம், தேர்வுத் தேதி போல அட்டவணையில் இருப்பவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு: "ஐ திங்க் தட் தி எக்ஸாம் ஸ்டார்ட்ஸ் டுமாரோ" என்று எழுதலாம்.

வெளி வினையிலேயே தேவையில்லாமல் 'வில்' ஏறுவதும் உண்டு. "ஐ வில் ஹோப் தட் யூ வில் அண்டர்ஸ்டாண்ட்" என்றால் இப்போது நம்பவில்லை, இனிமேல்தான் நம்பப்போகிறேன் என்பது போல் இருக்கிறது. நம்பிக்கை இப்போது இருக்கிறது. வெறும் 'ஐ ஹோப்' போதும்.

'விஷ்' வேறு சாதி. "ஐ விஷ் தட் யூ வில் சக்ஸீட்" வாழ்த்து அட்டைகளில் பார்த்திருப்பீர்கள். 'விஷ்'ஷுக்குப் பின் 'தட்' வாக்கியம் வந்தால், இல்லாத ஒன்றுக்கு ஏங்குவதாகப் பொருள். "ஐ விஷ் தட் ஹி வுட் கம்" என்றால் அவர் வருவார் போலத் தெரியவில்லையே என்ற ஆதங்கம் அதில் இருக்கிறது. வாழ்த்த வேண்டுமா? "ஐ ஹோப் தட் யூ வில் சக்ஸீட்" அல்லது "ஐ விஷ் யூ சக்ஸஸ்."

'டவுட்' பற்றி ஒரு எச்சரிக்கை. "அவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன்" என்பதை "ஐ டவுட் தட் ஹி டுக் இட்" என்று எழுதினால், அவர் எடுத்திருக்கமாட்டார் என்று நீங்கள் சாட்சி சொல்லிவிட்டீர்கள். நேர் எதிர்ப்பொருள். அந்த இடத்துக்கு 'சஸ்பெக்ட்'. "ஐ டவுட் தட் ஹி வில் கம்" என்றாலும் வரமாட்டார் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

அறிகுறி: ஆலோசனை சொல்லும் வாக்கியத்தில் 'வில்' போட்டாலும் சிவப்புக் கோடு, 'ஸ்' போட்டாலும் சிவப்புக் கோடு

"ஐ வில் சஜஸ்ட் தட் ஹி வில் டேக் எ வீக் ஆஃப்."

இது வற்புறுத்தும் வினை. உள் வாக்கியத்தில் காலமே கிடையாது, வினையின் மொட்டை வடிவம்தான்: "தட் ஹி டேக் எ வீக் ஆஃப்." 'ஹி'க்கு அடுத்து 'டேக்ஸ்' இல்லாமல் 'டேக்' வருவது கண்ணுக்கு உறுத்தும், ஆனால் அதுதான் சரி. அமெரிக்கர்கள் இதை அதிகம் எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் வழக்கத்தில் "தட் ஹி ஷுட் டேக்" என்று 'ஷுட்' போடுவது பரவலானது. மொட்டை வடிவம் எழுதக் கூச்சமாக இருந்தால் 'ஷுட்' போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். நம்மூர் ஆங்கிலத்துக்கும் அது பழக்கமானது.

வெளி வினை எந்தக் காலத்துக்குப் போனாலும் இந்த மொட்டை வடிவம் அசையாது. 'ஐ சஜஸ்டட் தட் ஹி டேக்', 'ஐ வில் சஜஸ்ட் தட் ஹி டேக்', இரண்டிலும் அதே 'டேக்'. வேண்டாம் என்று சொல்ல 'தட் ஹி நாட் டேக்'. 'இஸ்', 'ஆர்' வரவேண்டிய இடத்தில் 'பி': "வி வில் ரெக்கமெண்ட் தட் ஷி பி ப்ரமோட்டட்." 'டிமாண்ட்', 'ரிக்வெஸ்ட்', 'புரொபோஸ்' எல்லாம் இதே கூட்டம்.

'இன்சிஸ்ட்' மட்டும் இரண்டு முகம் கொண்டது. "ஹி வில் இன்சிஸ்ட் தட் ஷி பி தேர்" என்றால் அவள் அங்கே இருந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பான். "ஹி வில் இன்சிஸ்ட் தட் ஷி இஸ் தேர்" என்றால் அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று சாதிப்பான். 'பி'யா 'இஸ்'ஸா என்பதில் கதையே மாறிவிடுகிறது.

'வான்ட்' இந்தக் கூட்டத்தில் சேராது. "ஐ வான்ட் தட் யூ வில் கம்" என்பதை எப்படித் திருத்தினாலும் சரியாகாது. 'தட்'டையே தூக்கிவிட்டு "ஐ வான்ட் யூ டு கம்" என்று எழுதுங்கள்.

அறிகுறி: "ஐ வில் இன்ஃபார்ம் தட்..." என்று தொடங்கிய வாக்கியம் ஊனமாகத் தெரிகிறது

யாருக்கு என்பது விட்டுப்போயிருக்கிறது. தமிழில் "தெரிவிக்கிறேன்", "சொல்லிவிடுகிறேன்" என்றால் யாரிடம் என்பது சூழலில் இருந்து புரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'டெல்', 'இன்ஃபார்ம்', 'ரிமைண்ட்', 'அஷ்யூர்', 'கன்வின்ஸ்' ஆகியவை 'தட்'டுக்கு முன்னால் ஒரு ஆளைக் கேட்கும்: "ஐ வில் இன்ஃபார்ம் தெம் தட் தி மீட்டிங் இஸ் கேன்சல்ட்." ஆளைச் சொல்ல விருப்பமில்லை என்றால் வினையை மாற்றுங்கள், 'சே', 'அனவுன்ஸ்' ஆள் கேட்காதவை.

'சஜஸ்ட்', 'எக்ஸ்ப்ளைன்' இதற்கு எதிர்த்திசை. ஆளை நேராக ஒட்டவிடாது. 'எக்ஸ்ப்ளைன் ஹிம் தட்' கூடாது, 'எக்ஸ்ப்ளைன் டு ஹிம் தட்' என்று நடுவில் 'டு' வேண்டும்.

அறிகுறி: உதவி கேட்டு எழுதினால், ஏற்கெனவே உதவி கிடைத்துவிட்டதற்கு நன்றி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது

"ஐ வில் பி கிரேட்ஃபுல் தட் யூ ஷேர் தி ஃபைல்."

மேலே 'யூ வில் பி க்ளாட் தட் யூ கேம்' பார்த்தோம். அங்கே நண்பர் வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு பேசினோம், அதனால் 'தட்'. உணர்ச்சியைச் சொல்லும் சொல்லுக்குப் பின் 'தட்' வந்தால் உள்ளே இருப்பது நடந்த சங்கதி என்று எடுத்துக்கொள்ளப்படும். இங்கே ஃபைல் இன்னும் வரவில்லை, வருமா என்பதும் அவர் கையில். அதனால் 'இஃப்': "ஐ வில் பி கிரேட்ஃபுல் இஃப் யூ ஷேர் தி ஃபைல்." இன்னும் கொஞ்சம் பணிவு வேண்டுமானால் "ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் ஷேர் தி ஃபைல்."

'இட் வில் பி குட் தட் யூ கம்' என்பதற்கும் இதே மருந்து, 'இஃப் யூ கம்'. 'அப்ரிஷியேட்' மட்டும் நடுவில் ஒரு 'இட்' கேட்கும்: "ஐ வுட் அப்ரிஷியேட் இட் இஃப் யூ குட் ரிப்ளை டுடே." அந்த 'இட்' இல்லாத மெயில்கள் நாட்டில் ஏராளம்.

அறிகுறி: உங்கள் வாக்கியம் சரிதான், ஆனால் எதிரில் இருப்பவரின் 'வில்' புரியவில்லை

"யூ வில் அக்ரீ தட் தி பிரைஸ் இஸ் ஹை." இனிமேல் ஒப்புக்கொள்வீர்கள் என்ற ஜோசியம் இல்லை இது. ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும் என்ற நாசூக்கான அழுத்தம். "யூ வில் ரீகால் தட் வி பெய்ட் இன் மார்ச்" என்று வந்தால், மறந்துவிட்டீர்களா என்று கேட்பதற்குப் பதிலாக மரியாதையாக எழுதியிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். "ஐ வில் அட்மிட் தட்" என்பவர் அந்த நொடியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். "யூ வில் ஹேவ் நோட்டிஸ்ட் தட்" என்றால் கவனித்திருப்பீர்கள் என்று பொருள். அது நடந்துபோன விஷயத்தைப் பற்றிய ஊகம். ஆங்கில வினை தன் உருவத்தை மாற்றிக் காட்டும் காலங்கள் இரண்டே, நிகழ்வதும் இறந்ததும். எதிர்காலத்துக்கு என்று தனி உருவம் இல்லாததால் 'வில்' என்ற துணைவினை அந்த வேலையையும் பார்க்கிறது, ஊகம், உறுதி, பணிவு என்று வேறு வேலைகளையும் பார்க்கிறது. இந்த வகை மெயிலுக்குப் பதில் எழுதும்போது காலத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அதன் தொனிக்குப் பதில் எழுதுங்கள்.

அறிகுறி: 'டுமாரோ' எதோடு சேர்கிறது என்று தெரியாமல் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் எடுக்கிறார்கள்

"ஹி வில் டெல் அஸ் டுமாரோ தி ஆஃபீஸ் இஸ் க்ளோஸ்ட்."

நாளைக்குச் சொல்வாரா, நாளைக்கு லீவா? 'தட்'டை விட்டுவிட்டதால் வந்த வினை இது. 'சே', 'திங்க்', 'ஹோப்' போன்றவற்றுக்குப் பின் 'தட்' இல்லாமல் எழுதுவதில் தவறில்லை, பேச்சில் அதுதான் இயல்பும்கூட. ஆனால் நேரத்தைக் குறிக்கும் சொல் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டால் 'தட்' கட்டாயம். "ஹி வில் டெல் அஸ் டுமாரோ தட் தி ஆஃபீஸ் இஸ் க்ளோஸ்ட்" என்றால் சொல்வது நாளைக்கு. "ஹி வில் டெல் அஸ் தட் தி ஆஃபீஸ் இஸ் க்ளோஸ்ட் டுமாரோ" என்றால் லீவு நாளைக்கு. சொல்வதும் நாளை, லீவு அதற்கு மறுநாள் என்றால் இரண்டு நாளையும் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள், 'ஆன் மண்டே', 'ஆன் ட்யூஸ்டே' என்று. 'டுமாரோ', 'தி நெக்ஸ்ட் டே' என்று எழுதினால் மெயிலை ஒரு நாள் தாமதமாகத் திறப்பவர் தவறான நாளில் ஆஃபீஸ் வாசலில் வந்து நிற்பார்.